பதினைந்து வயதில் கும்பிட்ட சாமி: வாசகர் கேள்வி – பதில்

வளரும் பிள்ளைகளும் இறைநம்பிக்கையும் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். பல கடிதங்கள் பிள்ளையைப் பற்றித் தொடங்கி, எழுதியவரின் சொந்தப் பதினைந்து வயதில் போய் நின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். பதில்கள்: எங்கள் குடும்ப ஆலோசனைக் குழு.

என் மகனுக்கு 15 வயது. எட்டு வயதில் கன்னிச்சாமியாக என்னோடு சபரிமலைக்கு வந்தவன், அதன்பின் வருடம் தவறாமல் மாலை போட்டான். இந்தக் கார்த்திகையில் "நான் வரல" என்றுவிட்டான். காரணம் கேட்டால், "அந்த நாப்பத்தொரு நாளு மட்டும்தானப்பா நீங்க குடிக்காம, அம்மாவத் திட்டாம இருக்கீங்க" என்கிறான். பத்து நாளாக அவனோடு நான் பேசவில்லை. அவனை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?
– வாசகர், மதுரை மாவட்டம்

உங்கள் மகன் ஐயப்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறான். கோபமாகச் சொன்னாலும் உள்ளே இருப்பது ஏக்கம். மாலை போட்ட 41 நாளும் வீட்டில் இருக்கிற அப்பாவை அவனுக்குப் பிடித்திருக்கிறது. மீதி 324 நாளும் அந்த அப்பாவே வேண்டும் என்கிறான்.

எட்டு வயதுப் பிள்ளை அப்பா செய்வதைப் பார்த்துத் தானும் செய்யும். பன்னிரண்டு, பதின்மூன்று தாண்டினால் சொல்லையும் செயலையும் அருகருகே வைத்து எடைபோடும் புத்தி வந்துவிடும். மானிடவியல் ஆய்வாளர் ஜோசஃப் ஹென்ரிக் 2009-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் பேசுகிறது: ஒருவர் தன் நம்பிக்கைக்காக எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதைப் பார்த்தே அடுத்தவர் அதை நம்பலாமா என்று முடிவு செய்கிறார். பேச்சுக்கு அந்த பலம் கிடையாது. உங்கள் விரதம் மகனின் கண்ணில் உண்மையாகத்தான் இருந்தது. மாலை கழற்றிய மறுநாள் நடந்ததுதான் அதைப் பொய்யாக்கியது.

வெர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர் 1970-ல் தென் கலிஃபோர்னியாவில் 350-க்கும் மேற்பட்ட குடும்பங்களை எடுத்துக்கொண்டு, முப்பத்தைந்து ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தார். பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில் பெற்றோரோடு இருந்த நெருக்கம், அதிலும் அப்பாவின் பாசம், பெரிய பங்கு வகித்தது என்பது அவருடைய முடிவு. அப்பா பக்திமானாக இருந்தும் தள்ளியே இருந்த வீடுகளில் பிள்ளைகள் அந்த வழியை விட்டு விலகியது அதிகம். ஆய்வு நடந்தது அமெரிக்காவில்தான். ஆனால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது ஊர் வித்தியாசம் தெரியவில்லை.

முதலில் பேச்சை நீங்கள் தொடங்குங்கள். "நீ சொன்னது உண்மைதான்பா. பேசாம இருந்தது என் தப்பு." இவ்வளவு போதும். "ஆனா நீயும் பெரியவங்ககிட்ட..." என்று வால் சேர்த்தால் முன்பாதி அவன் காதில் ஏறாது.

இந்த வருடம் அவன் கழுத்தில் மாலை வேண்டாம். விரதம் என்பதே தானாக ஏற்பது. வற்புறுத்திப் போட்ட மாலையோடு பள்ளிக்குப் போகிற பையன் கேன்டீனில் மாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு முட்டை பஃப்ஸ் சாப்பிடுவான். சாமியிடமும் அப்பாவிடமும் ஒரே நேரத்தில் மறைக்கப் பழகுவான். அதைவிட அவன் நேர்மையாக "வரல" என்றது எவ்வளவோ மேல்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதில்லை. பூஜை நேரத்தில் போனில் சத்தமாக ரீல்ஸ் ஓட விடாதே, விரத நாட்களில் வீட்டுக்குள் அசைவப் பொட்டலம் கொண்டுவராதே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது வீட்டு முறை. பதின்பருவப் பிள்ளைகள் வீட்டு முறைக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவார்கள். "நீ நம்பித்தான் ஆக வேண்டும்" என்பது அவன் உள்மனதுக்குள் கை விடுவது. அங்கேதான் சண்டை வெடிக்கும்.

இனி நாற்பத்திரண்டாம் நாள். விரத காலத்தில் பெண்களை "மாளிகைப்புறம்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அதே வாய்தானே உங்களுடையது? மாலை கழற்றும்போது விரதத்தில் கடைப்பிடித்த ஒன்றையாவது கழற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது குடியாக இருந்தால் நல்லது. முடியாவிட்டால் திட்டுவதை நிறுத்துவதாவது இருக்கட்டும். அதை வீட்டில் அறிவிக்க வேண்டாம், அவன் தானாகக் கவனிப்பான். அடுத்த கார்த்திகைக்கு ஒருமுறை கேளுங்கள். இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் மாலை போடுவதற்காக ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இடம் பொருள் தெரியாத மனக்குழப்பம் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்டவர்கள் கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும். முதல் வாரத்து நடுக்கத்தை "சாமி சோதிக்கிறார்" என்று விட்டுவிடாதீர்கள்.

பக்தியுள்ள பிள்ளை கெட்டுப்போகாது என்று என் மாமியார் சொல்கிறார். இதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா?
– வாசகி, ஈரோடு

ஓரளவு உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த யிங் சென், டைலர் வாண்டர்வீல் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், செவிலியர்களின் பிள்ளைகள் சுமார் 5,000 பேரை 8 முதல் 14 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். வாரம் ஒருமுறையாவது வழிபாட்டுக்குப் போய் வளர்ந்தவர்கள், போகாதவர்களைவிட இருபதுகளில் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னது சுமார் 18 சதவீதம் அதிகம். பொதுச் சேவையில் ஈடுபட்டது 29 சதவீதம் அதிகம், போதைப் பொருள் பயன்படுத்தியது 33 சதவீதம் குறைவு. கூட்டு வழிபாட்டுக்குப் போகாமல் தனியாகத் தினமும் ஜெபமோ தியானமோ செய்தவர்களுக்கும் பலன் தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, வழிபாட்டுக்குப் போவது என்றால் சாமியோடு சேர்த்துப் பிள்ளைக்கு ஒரு கூட்டமே கிடைக்கிறது என்பதுதான். பெயர் சொல்லி நலம் விசாரிக்கிற நாலு பெரியவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு பொறுப்பு, தேர்த்திருவிழாவில் ஒரு வேலை. பெற்றோர் தவிர நம்பிக்கையான ஒரு பெரியவர் பதின்பருவத்தில் துணைக்கு இருப்பது பெரிய பாதுகாப்பு. உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது காப்பீட்டுப் பத்திரம் இல்லை. வீட்டு ஊதுபத்தி வாசனை மட்டும் பையனைக் காப்பாற்றாது. பள்ளி விட்டு வந்ததும் அவன் முகத்தைப் பார்த்து யார் பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் மகளுக்கு 13 வயது. இந்த ரமலானில் முப்பது நோன்பும் பிடிப்பேன் என்கிறாள். தேர்வு நேரம் வேறு. போன வருடம் ஏழாவது நோன்பில் பள்ளியில் மயங்கிவிட்டாள். தடுத்தால் மார்க்கத்தை விட்டு விலகிவிடுவாளோ என்றும் பயம், விட்டால் உடம்பு கெட்டுவிடுமோ என்றும் பயம்.
– வாசகி, காயல்பட்டினம்

நோன்பு கடமையா, எப்போது சலுகை என்பதை மார்க்கம் படித்த உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். நோயாளிக்கும் மாதவிலக்கு நாட்களில் இருப்பவருக்கும் சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பின்னால் கழா செய்யலாம் என்பது உங்களுக்கே தெரியும். உடம்பையும் மனதையும் பற்றி நாங்கள் சொல்கிறோம்.

போன வருட மயக்கத்துக்குக் காரணம் தெரிய வேண்டும். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே ஹீமோகுளோபின் பாருங்கள். மாதவிலக்கு அதிகம் போகிற பெண்பிள்ளைகளுக்கு இரத்தசோகை சாதாரணம். 12 முதல் 14 வயதுப் பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் முதலில் மருத்துவர், பிறகு நோன்பு. முதல் வகை சர்க்கரை நோய், வலிப்பு நோய் உள்ள பிள்ளைகள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் பிடிக்கக் கூடாது.

பிப்ரவரி, மார்ச்சில் தமிழ்நாட்டில் நோன்பு சுமார் 13 மணி நேரம். பிரச்சினை பெரும்பாலும் பசியில் வருவதில்லை, தண்ணீரிலும் தூக்கத்திலும்தான் வருகிறது. நோன்பு திறந்ததிலிருந்து, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் முடியும் வரை சுமார் இரண்டு லிட்டர், அதாவது எட்டு டம்ளர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். திறக்கும்போது இரண்டு, தூங்கும் வரை மணிக்கு ஒன்றாக நான்கு, சஹரில் இரண்டு. மொத்தத்தையும் சஹரிலேயே குடித்தால் சிறுநீராகப் போய்விடும். சஹரில் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம், உப்பு தாகத்தை இழுக்கும். முட்டை, பருப்பு, தயிர், வாழைப்பழம் நின்று நிதானமாகச் செரிக்கும். நோன்புக் கஞ்சி அருமையான உணவு. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்து உப்பும் நீரும் கொடுக்கிறது. அதைத் தள்ளிவிட்டுச் சமோசாவில் வயிற்றை நிரப்ப விடாதீர்கள்.

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை முடிந்து பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்தான். பள்ளி விட்டு வந்ததும் ஒன்றரை மணி நேரம் படுக்க வையுங்கள். பாடத்தை நோன்பு திறந்த பிறகு ஒரு மணி நேரமும், சஹருக்குப் பின் ஒரு மணி நேரமும் படிக்கட்டும்.

எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வாந்தி, பேச்சு குழறுவது. இதில் எது வந்தாலும் அன்று நோன்பை முறித்துவிட வேண்டும் என்று ரமலான் தொடங்கும் முன்பே அவளோடு பேசி வையுங்கள். மயங்கும் நேரத்தில் பேரம் பேச முடியாது.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். மாதவிலக்கு நாட்களில் நோன்பு இல்லாத பெண்பிள்ளை, வாப்பா முன்னாலும் காக்காமார் (அண்ணன்மார்) முன்னாலும் நோன்பாளி போல நடித்துவிட்டு, அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி இரண்டு பிஸ்கட்டை விழுங்குகிறாள். மார்க்கம் தந்த சலுகையை வீடு வெட்கமாக்கிவிடுகிறது. இப்படி ஒளிந்து சாப்பிட்டவள் நாளை தன் மகளுக்கும் ஒளியத்தான் கற்றுக்கொடுப்பாள். உங்கள் மகளுக்கு அந்த நாட்களில் ஒரு தட்டும் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடமும் கொடுங்கள். ஆண்பிள்ளைகளிடம் "ராத்தாவுக்கு (அக்காவுக்கு) இன்னைக்கு நோன்பு இல்ல, ஏன்னு கேக்காத" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

உறவினர்கள் "எத்தனை நோன்பு பிடிச்சே?" என்று பெருநாளன்று எண்ணிக்கை கேட்கும் பழக்கத்தையும் மெல்லத் தடுங்கள். போட்டியாகிவிட்டால் பிள்ளை பொய் சொல்லும். எடை குறைக்கவே நோன்பைப் பிடிக்கும் பெண்களும் உண்டு. நோன்பு திறக்கும்போது ஆசையாகச் சாப்பிடாமல் தட்டைத் தள்ளினால், பெருநாளுக்குப் பிறகும் பட்டினி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வருடம் முதல் ஐந்து பிடிக்கட்டும், உடம்பைப் பார்த்து மேலே போகலாம் என்று முடிவு செய்யுங்கள். அவளோடு நீங்களும் எழுந்து, அவள் சாப்பிட்டு முடியும் வரை பக்கத்தில் இருங்கள்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள், வயது 39. சிறுவயதில் இரவுக் குடும்ப ஜெபத்தில் தூங்கி விழுந்தால் அப்பா முழங்காலில் நிற்க வைப்பார். பொய் சொன்னால் நரகம், சினிமா பார்த்தால் நரகம். பதினாறு வயதில் திடப்படுத்தல் எடுத்து, சபையின் முழு உறுப்பினரானதும் பயத்தில்தான். இப்போது என் 12 வயது மகள் ஜெபத்தின் நடுவே ஏதோ நினைத்துச் சிரித்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பதறி, அவளை அறைந்துவிட்டேன். நானும் என் அப்பாவாகிவிட்டேனா?
– வாசகி, பாளையங்கோட்டை

இல்லை. உங்கள் அப்பா உங்களை நிற்க வைத்துவிட்டு இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டார்.

உங்களுக்கு நடந்தது இது: பதின்பருவத்தில் கண்ணை மூடி முழங்காலில் இருந்த ஒவ்வோர் இரவும் உங்கள் உடம்பு ஓர் அபாயத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த எதிர்பார்ப்பு ஜெபத்தோடு ஒட்டிக்கொண்டது. இருபது வருடம் அமைதியாக இருந்துவிட்டு, உங்கள் மகள் நீங்கள் அன்று இருந்த வயதுக்கு வந்ததும் விழித்துக்கொண்டது. அவள் சிரித்த நொடியில் உங்கள் உடம்பு "அப்பா வருகிறார்" என்றது. பிள்ளை 12 முதல் 16 வயதுக்குள் இருக்கும்போது பெற்றோரின் பழைய பக்தியும் பழைய பயமும் இப்படி எழும்பி வருவது வழக்கம்.

சமயமும் மனநலமும் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட், கஷ்டத்தில் மனிதர் கடவுளை நாடுவதை இரண்டு விதமாகப் பிரிக்கிறார். "அவர் கூட இருக்கிறார், தாங்கிக்கொள்வேன்" என்பது ஒன்று. "என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்பது மற்றொன்று. இரண்டாவது வகை மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்தே காணப்படுகிறது. கடவுள் ஒருவரே, ஆனால் எந்த முகத்தோடு அவர் நம் வீட்டுக்குள் வந்தார் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது.

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் உங்கள் சமய வளர்ப்பில் கிடைத்த நல்லது: கீர்த்தனைகள், கேரல் ரவுண்ட்ஸில் விடிய விடிய நடந்தது, ஆச்சி மடியில் கேட்ட யோசேப்பின் கதை. இரண்டாவதில் வலித்தது: முழங்கால், நரகம், தூக்கத்தில் அதட்டிய குரல். மூன்றாவதில், இவற்றில் எது மகளுக்குப் போக வேண்டும், எது உங்களோடு நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். பகலில், இருபது நிமிடம், தொடர்ந்து மூன்று நாள். இரவில் எழுதினால் தூக்கம் கெடும். மகளிடம் காட்ட வேண்டாம்.

இது ஏன் தேவை என்றால், பயந்து வளர்ந்தவர்கள் பெற்றோரானதும் இரண்டு பக்கமும் சாய்கிறார்கள். சிலர் அதே பிரம்பை எடுக்கிறார்கள். சிலர் பிள்ளைக்கு எதுவுமே வேண்டாம் என்று மொத்தத்தையும் பூட்டிவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டத்தின் பிள்ளைகளுக்குப் பிரம்பும் இல்லை, ஆச்சியின் கதையும் இல்லை. யோசித்து விலகினால் சரி, பயத்தில் விலகினால் அந்தப் பயமே வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

மகளிடம் சொல்ல வேண்டியது: "அன்னைக்கு நான் அடிச்சது தப்பு. சிரிச்சது தப்பே இல்ல. நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது ஜெபத்துல ரொம்ப பயந்திருக்கேன், அந்த பயத்துல அடிச்சிட்டேன்." உங்கள் அப்பாவின் கதை முழுவதையும் கொட்ட வேண்டாம், அவளுக்குத் தாத்தா வேண்டும்.

குடும்ப ஜெபத்தை மாற்றி அமையுங்கள். இரவு பத்து மணிக்கு வேண்டாம், சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். தூக்கம் வருகிற நேரத்தில் பிள்ளையை உட்கார வைத்ததுதான் பழைய வீட்டின் பாதிச் சண்டைக்குக் காரணம். மொத்தம் எட்டு நிமிடம்: ஒரு பாட்டு, ஐந்தாறு வசனம், அன்றைய நாளில் ஆளுக்கு ஒரு நன்றி. வாரத்தில் இரண்டு நாள் பாட்டும் வசனமும் அவள் தேர்வு. "இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்று சொல்லும் உரிமையும் இருக்கட்டும். சிரிப்பு வந்தால் சிரித்து முடிக்கட்டும், பிறகு விட்ட இடத்திலிருந்து படியுங்கள். "இயேசப்பா பாத்துக்கிட்டே இருக்கார், தண்டிப்பார்" என்ற வாக்கியத்தை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள். பிள்ளையைக் கண்டிக்கக் கடவுளைக் கூப்பிட்டால், அவள் கஷ்டப்படும் நாளில் அவரிடம் போகத் தயங்குவாள்.

அப்பா இப்போது உங்களோடு இருந்தால் தனியாக, மரியாதையாக: "ஜெபத்துல பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்பா, நீங்க பாட்டு மட்டும் எடுத்துக் கொடுங்க." அவருக்கும் ஒரு நல்ல இடம் கிடைக்கும்.

ஆலயத்துக்குள் நுழைந்தாலே நெஞ்சு படபடப்பது, பழைய காட்சிகள் கனவில் வருவது ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். போதகரிடம் பேசுவது நல்லதுதான், ஆனால் இந்த வேலை வேறு.

என் மகள் படிக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில் வேறு மதத்தின் போதனை வகுப்புக்குக் கட்டாயம் வரச் சொல்கிறார்கள். மறுக்க முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

முடியும். அரசியலமைப்பின் 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரம் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிலையத்தில் மத போதனையிலும் வழிபாட்டிலும் ஒருவரைச் சேர்க்க அவருடைய சம்மதம் வேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் காப்பாளரின் சம்மதம். தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு முன் மகளிடம் கேளுங்கள்: அந்த நேரத்தில் அவள் மட்டும் தனியாக எங்கே உட்காருவாள்? நூலகம் என்று இடத்தையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். வராந்தாவில் நிற்க வைத்துவிடக் கூடாது.

என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். விளக்கேற்றும்போது சாமியைப் பற்றி அசிங்கமான எண்ணம் வருகிறதாம். 108 முறை நாமம் சொல்லத் தொடங்கி, நடுவில் அந்த எண்ணம் வந்தால் முதலிலிருந்து சொல்கிறாள். காலையில் ஒன்றரை மணி நேரம் போகிறது. "சாமி கோவிச்சுக்குமா?" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிறாள். பரிகாரமும் செய்தோம், நான்கு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி தொடங்கிவிட்டது.
– வாசகி, கும்பகோணம்

இதைப் பக்தி முற்றியது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எண்ணச் சுழற்சி நோய், ஆங்கிலச் சுருக்கத்தில் ஓசிடி, பக்தியின் உடையில் வந்திருக்கிறது. பக்தி முடிந்ததும் மனம் லேசாகும், இதில் முடிவே கிடையாது. எண்ணமும் சடங்கும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, படிப்பையும் தூக்கத்தையும் கெடுத்தால் சிகிச்சை தேவை. பதின்பருவத்தில் தொடங்குவது இந்த நோயின் இயல்பு. யார் எதை அதிகம் மதிக்கிறார்களோ அதைப் பற்றித்தான் அசிங்கமான எண்ணம் வரும். அவளுக்குச் சாமி மேல் பிரியம் இருப்பதால்தான் நோய் அங்கே கை வைக்கிறது. இதை அவளிடம் சொல்லுங்கள், அழுதுவிடுவாள். இத்தனை நாள் தன்னைப் பாவி என்றே நினைத்திருப்பாள்.

பரிகாரம் ஏன் நான்கு நாளில் தோற்றது? "கோவிச்சுக்காது" என்று நீங்கள் சொல்லும் பதிலும் பரிகாரமும் ஒரே வேலையைச் செய்கின்றன. கொஞ்ச நேரம் ஆறுதல், பிறகு சந்தேகம் பெரிதாகி வரும். சொறிந்த அரிப்பு போல. இதற்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை ஒன்று உண்டு. பயம் தரும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைத்து, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது அது. பயங்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தி, 30, 40-லிருந்து தொடங்குவார்கள். உதாரணமாக, 27 முறை சொன்னதும் எழுந்துவிடுவது. பதற்றம் ஏறும், தானாகவே இறங்கும். தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். பயிற்சி பெற்றவர் இல்லாமல் வீட்டிலேயே உயர்ந்த படிகளைத் தொட வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, பதிலைக் குறைப்பது. ஒரே நாளில் நிறுத்தினால் துடித்துப்போவாள். அவளிடம் சொல்லிவிட்டு முதல் வாரம் பத்து, அடுத்த வாரம் ஐந்து என்று இறங்குங்கள். மற்ற நேரங்களில், "கஷ்டமா இருக்குன்னு தெரியுது. பதில் சொல்ல மாட்டேன், கூட உக்காந்திருக்கேன்."

உங்கள் கோயில் அர்ச்சகர் பக்குவமானவர் என்றால் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, "மனசுல என்ன வந்தாலும் ஒரு தடவை சொன்னா போதும்மா" என்று ஒரே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். தினமும் போய்க் கேட்க விடக் கூடாது, அவரும் பரிகாரமாகிவிடுவார். அருகில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கும். தொலைபேசி வழி உதவிக்கு டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இப்போதே பாருங்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால், இருபது வருடம் கழித்துத் தன் குழந்தையையும் "மறுபடி முதல்லேர்ந்து சொல்லு" என்று பூஜையறையில் நிற்க வைப்பாள்.

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பகுத்தறிவுக் குடும்பம். என் தாத்தா பாட்டிக்கு 1958-ல் சுயமரியாதைத் திருமணம். மனைவி மாரியம்மன் பக்தை. என் அப்பா இறந்தபோது 11 வயது மகள், "தாத்தா எங்க போனாரு?" என்றாள். நான் "எங்கயும் போகல, அவ்வளவுதான்" என்றேன். மனைவி "சாமிகிட்ட" என்றாள். அதிலிருந்து வீட்டில் இழுபறி. பிள்ளை குழம்பிப்போவாளா?
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டு விதமான பதில் கேட்டுப் பிள்ளை குழம்பாது. இரண்டு பேரில் யாரை நம்பினால் மற்றவருக்குக் கோபம் வரும் என்ற கணக்குதான் அதைக் குழப்பும். "உங்கம்மாவுக்கு அறிவில்ல", "உங்கப்பாவுக்கு ஈரமில்ல" என்ற இரண்டு வாக்கியமும் வீட்டில் கூடாது. இருவரும் "நான் இப்படி நினைக்கிறேன்" என்று தொடங்கிச் சொல்லுங்கள். அவளை நடுவராக்காதீர்கள்.

உங்கள் பதிலில் ஒரு குறை இருக்கிறது. நீங்கள் சொன்னது கொள்கைப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அவள் கேட்டது துக்கத்தில். "எங்கயும் போகல" என்பதோடு நிறுத்தினால் கதவை மூடியது போலாகிவிடும். தாத்தா அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது, அவர் கையெழுத்து, அவர் சொன்ன பழமொழி, இவை எங்கே இருக்கின்றன என்று பேசுங்கள்.

இறைமறுப்பும் இறைநம்பிக்கை போகிற வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. 1967-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வரும் வரை சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடையாது. அப்படியென்றால் உங்கள் தாத்தாவும் பாட்டியும் ஒன்பது வருடம் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவியே இல்லை. தாலியும் புரோகிதரும் இல்லாமல் அவர்கள் ஊர் நடுவே நின்ற கதையை மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? அது ஒரு விரதம் போலத்தான். கேலி செய்யும் மீம்ஸைவிட அந்தக் கதை அவளிடம் நிற்கும்.

வருகிற நினைவு நாளில் மனைவி படையல் போடட்டும், நீங்கள் உங்கள் அப்பாவின் பழைய கடிதம் ஒன்றை வாசியுங்கள். மகள் இலை போடவும் கூடமாட உதவலாம், கடிதத்தைப் பிடித்துக்கொள்ளவும் செய்யலாம். திருநீறு வைப்பதா வேண்டாமா என்று அவளிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். அந்த இடத்தில், உறவினர்கள் முன்னால் கேட்க வேண்டாம்.